பூத் கணக்கு: கட்சியைத் தாங்கும் தெருவேலை

தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதியில் சராசரியாக ஏறத்தாழ இரண்டரை லட்சம் வாக்காளர்கள் இருக்கிறார்கள். வேட்பாளர் பிரசார வேனில் நின்று கும்பிட்டபடி தெருத்தெருவாகப் போகலாம். கட்சித் தலைவர் மைதானம் நிறையக் கூட்டம் கூட்டலாம். இந்த இரண்டிலும் எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, அதில் எது உறுதி, எது ஊசலாட்டம் என்பது தெரியவராது. அது அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் கட்சிக்காரருக்குத்தான் தெரியும். கிளைச் செயலாளர், வட்டச் செயலாளர், பாக முகவர், பூத் கமிட்டி உறுப்பினர் என்று கட்சிக்குக் கட்சி பதவியின் பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான். வாக்காளர் பட்டியலைச் சரிபார்ப்பது, வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்பது, ஓட்டுப்பதிவு நாளில் ஆளை வரவழைப்பது, தேர்தல் இல்லாத காலத்திலும் கட்சி இங்கே இருக்கிறது என்று காட்டுவது. அடிமட்டப் பிரசாரம் என்பது இந்த நான்கும் சேர்ந்தது.

இந்த வேலையின் அலகு வாக்குச்சாவடி. ஒரு சாவடிக்கு இத்தனை வாக்காளர்களுக்கு மேல் போகக்கூடாது என்று தேர்தல் ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. அண்மைக்காலம் வரை 1,500 ஆக இருந்த வரம்பு 2025-ல் 1,200 ஆகக் குறைக்கப்பட்டது. கொரோனா காலத்தில் நடந்த 2021 சட்டமன்றத் தேர்தலில் ஆயிரத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள். தமிழ்நாடு முழுக்க 88 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாவடிகள் அமைந்தன. ஒரு சாவடிக்கு ஆயிரம் ஓட்டு என்றால் ஏறத்தாழ முந்நூறு வீடு. பத்துப் பேர் கொண்ட கமிட்டி இருந்தால் ஆளுக்கு முப்பது வீடுதான். இரண்டரை லட்சம் என்ற மலைப்பான எண், முகம் தெரிந்த முப்பது குடும்பமாகச் சுருங்கிவிடுகிறது.

இந்தச் சின்னக் கணக்கு ஏன் முக்கியம் என்பதை முடிவுகள் காட்டும். 2021-ல் சென்னை தியாகராய நகரில் தி.மு.க. வென்றது 137 வாக்கு வித்தியாசத்தில். சாவடிக்கு ஒரு ஓட்டு வித்தியாசம்கூட இல்லை. அந்தத் தேர்தலில் சென்னை மாவட்டத்தின் வாக்குப்பதிவு 60 விழுக்காட்டை எட்டவில்லை. வீட்டிலேயே இருந்துவிட்டவர்களில் சில நூறு பேரைக் கிளப்பியிருந்தால் முடிவு மாறியிருக்கும். அதே தேர்தலில் மொடக்குறிச்சியில் பா.ஜ.க. 281 வாக்கில் ஜெயித்தது. காட்பாடியில் தி.மு.க.வின் மூத்த தலைவர் துரைமுருகன் 746 வாக்கில் தப்பித்தார். 2016-ல் ராதாபுரத்தில் வித்தியாசம் வெறும் 49. ராஜஸ்தானில் 2008-ல் மாநிலக் காங்கிரஸ் தலைவர் சி.பி. ஜோஷி நாத்துவாரா தொகுதியில் ஒரே ஒரு வாக்கில் தோற்றார்.

பட்டியலில் தொடங்கும் வேலை

தேர்தல் தேதி அறிவித்த பிறகு பிரசாரம் தொடங்குவதாகப் பொதுமக்கள் நினைக்கிறார்கள். களத்தில் உள்ளவர்களுக்கு அது வாக்காளர் பட்டியலில் தொடங்குகிறது. பெயர் இல்லாதவரிடம் ஓட்டுக் கேட்டுப் பயனில்லை. பதினெட்டு வயதானவருக்கும் விடுபட்டவருக்கும் படிவம் 6. இறந்தவர், ஊரைவிட்டுப் போனவர் பெயரை நீக்கப் படிவம் 7. முகவரி மாற்றத்துக்கும் பிழைத் திருத்தத்துக்கும் படிவம் 8. முன்பு ஜனவரி 1 அன்று வயது நிரம்பியவர் மட்டும் சேரலாம் என்றிருந்தது. 2022 முதல் ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளும் தகுதி நாட்களாகிவிட்டதால் பெயர் சேர்ப்பு ஆண்டு முழுதும் நடக்கும் வேலையாகிவிட்டது.

வாக்காளர் பட்டியலின் ஒவ்வொரு பாகத்துக்கும் அரசுத் தரப்பில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் இருப்பதுபோல, அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் தங்கள் தரப்பில் ஒரு முகவரை நியமித்துக்கொள்ளலாம். பெரும்பாலும் அவர் அதே பகுதியின் வாக்காளர். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தால் எந்தக் கதவு எண்ணில் இருப்பவர் வாடகைக்கு வந்து போனவர், எந்தப் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது, எந்தப் பெண் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று அவரால் சொல்ல முடியும். வெளியூரிலிருந்து வந்த தேர்தல் வியூக நிறுவனம் எத்தனை கணினி வைத்திருந்தாலும் இதை அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த வேலையின் மதிப்பு தமிழ்நாட்டில் 2025-ன் கடைசி மாதங்களில் கண்கூடாகத் தெரிந்தது. தேர்தல் ஆணையம் நடத்திய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரட்டைப் பதிவுகள் எனக் காரணங்கள் சொல்லப்பட்டன. தகுதியுள்ள ஒருவர் தவறாக விடுபட்டிருந்தால் அதைக் கண்டுபிடித்து, படிவம் நிரப்பி, உரிய ஆவணத்தோடு கொடுக்க வைப்பது தெருவில் ஆள் உள்ள கட்சியால் முடிகிற காரியம். மற்றவர்களால் அறிக்கைதான் விட முடியும்.

பட்டியல் சரியானதும் அடுத்த கட்டம் குறியிடுவது. பெயருக்குப் பக்கத்தில் நம்ம ஓட்டு, எதிரணி ஓட்டு, சொல்ல முடியாதது என்று பென்சிலில் ஒரு குறி. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர், சென்னையில் தங்கிப் படிப்பவர், வெளிநாட்டில் இருப்பவர் ஆகியோருக்குத் தனிக் குறி. 85 வயதைக் கடந்தவர்களும் 40 விழுக்காட்டுக்குக் குறையாத உடல் குறைபாடு உள்ளவர்களும் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போட விண்ணப்பிக்கலாம் என்பதால் அவர்களுக்கும் ஒரு குறி. இப்படித் தயாரான பட்டியல் கையில் இருந்தால் யாரை ஒருமுறை பார்த்தால் போதும், யாரை மூன்று முறை பார்க்க வேண்டும், யாரைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று தெரிந்துவிடுகிறது. பா.ஜ.க. இதை இன்னும் நுணுக்கமாக்கி, பட்டியலின் ஒரு பக்கத்துக்கு ஒரு பொறுப்பாளர் என்று ‘பன்னா பிரமுக்’ முறையை வட மாநிலங்களில் பரப்பியது.

தமிழகம் கண்ட பாதை

தெருவில் கட்சி வளர்ப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1949 செப்டம்பர் 17-ல் தொடங்கப்பட்ட திராவிட முன்னேற்றக் கழகத்திடம் அன்றைய காங்கிரஸுக்கு இருந்த பணபலமோ, நிலக்கிழார், மிராசுதார் செல்வாக்கோ இல்லை. அது கையில் எடுத்தவை படிப்பகம், மன்றம், தெருமுனைக் கூட்டம், நாடகம், பத்திரிகை ஆகியவை. ஊர் முச்சந்தியில் ஒரு கீற்றுக்கொட்டகை, இரண்டு பெஞ்சு, நாலைந்து பத்திரிகைகள் என்றால் படிப்பகம் தயார். எழுதப்படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்க, தெரியாத பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். டீக்கடையும் முடிதிருத்தும் கடையும் அதே வேலையைச் செய்தன. தேர்தலில் நிற்பதற்கு முன்பே கட்சிக்கு ஊர்தோறும் முகவரி கிடைத்துவிட்டது.

வளர்ச்சி படிப்படியாக வந்தது. 1957 தேர்தலில் 15 இடம், 1962-ல் 50. இடையில் 1959-ல் சென்னை மாநகராட்சித் தேர்தல். அதில் நூறு இடங்களில் 45-ஐப் பிடித்து மேயர் பதவியையும் கட்சி பெற்றது. அந்தத் தேர்தல் வேலையை முன்னின்று நடத்திய மு. கருணாநிதிக்கு அண்ணா மேடையில் மோதிரம் அணிவித்தது கட்சி வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் செய்தி. வார்டு அளவில் வேலை செய்யத் தெரிந்தவருக்குக் கட்சியில் என்ன மதிப்பு என்பதை அது ஊருக்குச் சொன்னது.

எதிர்முனையில் காங்கிரஸின் காமராஜரும் இதை உணராதவர் அல்ல. ஆட்சியில் இருக்கும் கட்சி, தொண்டனிடமிருந்து விலகிப்போகிறது என்ற கவலையில் பிறந்ததுதான் 1963-ன் காமராஜர் திட்டம். மூத்தவர்கள் பதவியை விட்டுவிட்டுக் கட்சி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்றார். சொன்னபடி அக்டோபர் 2 அன்று தானே முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். ஆனால் அடிமட்டத்தில் இழந்த பிடியைத் தலைவர் ஒருவரின் தியாகத்தால் மட்டும் மீட்க முடியவில்லை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம், அரிசித் தட்டுப்பாடு, எதிர்க்கட்சிகளின் கூட்டணி எல்லாம் சேர்ந்துகொண்டன. 1967-ல் தி.மு.க. 137 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது. விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் காமராஜர் 1,285 வாக்கில் தோற்றார்.

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி கண்டபோது அவருக்குக் கிளை அமைப்பைப் புதிதாகக் கட்ட வேண்டிய அவசியம் வரவில்லை. ஊர்தோறும் இருந்த ரசிகர் மன்றங்கள் கிளைக் கழகங்களாக மாறின. ஏழே மாதத்தில், 1973 மே மாதம் நடந்த திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில் அ.தி.மு.க. வேட்பாளர் மாயத்தேவர் வென்றார், ஆளும் தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போனது.

கீழத் தஞ்சையில் பொதுவுடைமைக் கட்சிகள் வேறொரு வழியில் வேரூன்றின. பி. சீனிவாச ராவ் போன்றோர் 1940-களில் சேரிகளுக்குள் தங்கி விவசாயத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினார்கள். சாணிப்பால், சவுக்கடிக் கொடுமைக்கு எதிராகவும் கூலி உயர்வுக்காகவும் நடந்த போராட்டங்களே அங்கு கட்சியின் பிரசாரம். மற்ற பகுதிகளில் தேய்ந்துபோன பிறகும் நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி பகுதியில் அந்தக் கட்சிகளுக்கு இன்றும் சொந்த ஓட்டு இருக்கக் காரணம் அதுதான்.

ஓட்டுப்பதிவு நாள்

மாதக்கணக்கான வேலை முழுதும் ஒரே நாளில் வந்து நிற்கும். ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் முகவர் ஐந்தரைக்கே சாவடியில் இருக்க வேண்டும். மாதிரி வாக்குப்பதிவு அப்போதுதான் நடக்கும். குறைந்தது ஐம்பது ஓட்டு போட்டுப் பார்த்து, இயந்திரம் காட்டும் எண்ணிக்கையும் விவிபேட் சீட்டுகளும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்ப்பார்கள். பிறகு எண்ணிக்கையை அழித்து, இயந்திரத்துக்கு முத்திரை வைப்பார்கள். முத்திரைத் தாளில் முகவர்கள் கையெழுத்துப் போட்டு, அதன் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். எண்ணும் நாளில் முத்திரை மாறவில்லை என்று சொல்ல அந்தக் குறிப்புத்தான் ஆதாரம்.

நாள் முழுதும் முகவரின் கண் உள்ளே வருபவர் மேல் இருக்கும். ஆள்மாறாட்டம் என்று சந்தேகம் வந்தால் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபம் தெரிவிக்கலாம். தலைமை அலுவலர் அங்கேயே விசாரித்து முடிவு சொல்வார். இதைச் செய்ய முகம் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் உள்ளூர்க்காரரை முகவராகப் போடுகிறார்கள். வாக்குப்பதிவு முடிந்ததும், பதிவான மொத்த வாக்குகளைக் காட்டும் படிவம் 17சி-யின் நகலைக் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டுதான் அவர் கிளம்ப வேண்டும். ஆள் இல்லாத சாவடியில் அந்தக் கட்சியின் சார்பாக இவற்றில் ஒன்றுகூட நடக்காது.

வெளியே, சாவடியிலிருந்து நூறு மீட்டருக்கு அப்பால், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, தலைக்கு மேல் ஒரு குடை. கட்சிகளுக்கு அனுமதிக்கப்பட்ட இடம் அவ்வளவுதான். பாகம் எண், வரிசை எண் தேடித்தரும் பூத் சிலிப் இங்கே கிடைக்கும். அது வெள்ளைத்தாளில், சின்னமோ வேட்பாளர் பெயரோ இல்லாமல் இருக்க வேண்டும் என்பது விதி. சிலிப் வாங்க வந்தவர்களின் பெயரை அடித்துக்கொண்டே வந்தால் பிற்பகல் மூன்று மணிக்கு இன்னும் வராதவர்கள் யார் என்று தெரிந்துவிடும். அதன் பிறகு வேலை மேஜையில் இல்லை, தெருவில். சமையல் முடியட்டும் என்று இருந்த அம்மாவை, வெயில் தாழட்டும் என்று இருந்த பெரியவரை, ‘என் ஒரு ஓட்டுல என்ன ஆகப்போகுது’ என்று படுத்திருந்த இளைஞரை நேரில் போய்க் கூப்பிட வேண்டும். ‘அண்ணே, அஞ்சு நிமிஷம், கூட்டமே இல்ல’ என்று பழகிய குரல் கூப்பிட்டால் பெரும்பாலோர் எழுந்து வருகிறார்கள்.

ஆய்வுகள் சொல்வது

நேரில் போய் அழைப்பதன் பலனை அளந்து பார்த்த ஆய்வுகள் உண்டு. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1998-ல் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஆலன் கெர்பரும் டொனால்ட் கிரீனும் சுமார் முப்பதாயிரம் வாக்காளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு நேரில் ஆளனுப்பினார்கள், சிலருக்குக் கடிதம் போட்டார்கள், சிலரைத் தொலைபேசியில் அழைத்தார்கள். நேரில் பார்க்கப்பட்டவர்களிடம் வாக்குப்பதிவு கணிசமாகக் கூடியது. கடிதத்துக்குச் சொற்பப் பலன். தொலைபேசிக்குப் பலனே இல்லை.

ஆளை வரவழைப்பது ஒன்று, மனத்தை மாற்றுவது வேறு. ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மன் இருவரும் அமெரிக்காவில் நடந்த 49 கள ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பொதுத்தேர்தல் நேரத்துப் பிரசாரத்தால் யாருக்கு ஓட்டு என்ற முடிவு மாறுவது கிட்டத்தட்ட இல்லை என்று கண்டார்கள். பிரான்ஸில் வேறு மாதிரி. 2012 அதிபர் தேர்தலில் பிரான்சுவா ஒலாந்தின் ஆதரவாளர்கள் சுமார் ஐம்பது லட்சம் கதவுகளைத் தட்டினார்கள். அதை ஆராய்ந்த வின்சென்ட் பான்ஸ், வாக்குப்பதிவு கூடவில்லை, ஆனால் ஒலாந்துக்கு விழுந்த வாக்கின் பங்கு கூடியது என்றார். நாடும் போட்டியும் மாறினால் பலனும் மாறும் என்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் நிதானமான முடிவு. கட்சி அடையாளம் இறுகிப்போன இடத்தில் களப்பணி தன் ஓட்டைச் சிந்தாமல் சேர்க்கும். அது இளகிய இடத்தில் புது ஓட்டையும் கொண்டுவரும்.

தேர்தல் இல்லாத நாட்கள்

இந்தப் பலன் எல்லாவற்றுக்கும் அடிப்படை, கதவைத் தட்டுபவர் ஏற்கெனவே தெரிந்தவராக இருப்பது. அது ஒரு மாதத்தில் வருவதல்ல. முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதித் தருவது, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க அலைவது, சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸுக்குக் கூடப் போவது, ராத்திரியில் பெரியாஸ்பத்திரியில் சேர்க்க வண்டி பிடிப்பது, சாவு வீட்டில் முதல் ஆளாக மாலையோடு நிற்பது ஆகியவைதான் ஊரில் ஒரு கிளைச் செயலாளரின் பெயரை நிலைநிறுத்துகின்றன. நல்லது கெட்டதுக்கு வந்தவர் ஓட்டுக் கேட்டு வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள யாருக்கும் மனம் வராது.

2021 பட்டியலிலேயே தமிழ்நாட்டில் பெண் வாக்காளர்கள் ஆண்களைவிட அதிகம். திண்ணை வரை மட்டும் போக முடிகிற ஆண் தொண்டர்களால் அவர்களிடம் மனம் விட்டுப் பேச முடிவதில்லை. தண்ணீர்க் குழாயடியிலும் மகளிர் குழுக் கூட்டத்திலும் பேசக்கூடிய பெண் நிர்வாகிகள் உள்ள கிளைக்கு மட்டுமே அந்த ஓட்டின் போக்கு முன்கூட்டியே தெரியும். ஆனாலும் பெரும்பாலான கட்சிகளில் பூத் அளவில் பெண்கள் கூட்டம் சேர்க்கவும் ஆரத்தி எடுக்கவும்தான் அழைக்கப்படுகிறார்கள். பொறுப்பு ஆண்கள் கையில் இருக்கிறது.

தெருவிலிருந்து தலைமைக்குச் செய்தி போவதும் இதே வழியில்தான். குடிநீர்ப் பிரச்சினை, விலைவாசி, உள்ளூர் எம்.எல்.ஏ. மேல் உள்ள கோபம் இவற்றைக் கருத்துக்கணிப்புக்கு முன்பே கிளை அறிந்திருக்கும். அதைத் தயங்காமல் மேலே சொல்ல முடிகிற கட்சி தப்பிக்கிறது. தலைவர் காதுக்கு இனிமையானதை மட்டும் வடிகட்டி அனுப்பும் கட்சி, எண்ணிக்கை நாளில்தான் உண்மையைத் தெரிந்துகொள்கிறது. தலைவர்கள் உருவாகும் இடமும் இதுவே. ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சின்னம் இல்லாமல் நடந்தாலும், ஒன்றிய, மாவட்ட வார்டுகளுக்கும் நகராட்சி, மாநகராட்சி வார்டுகளுக்கும் தேர்தல் கட்சி அடிப்படையில் நடக்கிறது. நாளைய வேட்பாளரை ஊர் முதலில் எடைபோடுவது அங்கேதான்.

எங்கே பலிக்காது

அலை அடிக்கும்போது பூத் கமிட்டி தாங்காது. 1996-ல் அ.தி.மு.க. வெறும் 4 இடங்களுக்குச் சுருங்கியது. முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். அந்தக் கட்சியின் கிளைகள் எங்கும் போய்விடவில்லை. மக்களின் கோபம் அவற்றைவிடப் பெரிதாக இருந்தது. 2004 மக்களவைத் தேர்தலிலும் அதே கதை. களப்பணியின் பலன் சில விழுக்காடுதான். நெருக்கமான போட்டியில் அது வெற்றியைத் தீர்மானிக்கும். ஒருதலைப்பட்சமான போட்டியில் வித்தியாசத்தைக் குறைப்பதோடு சரி.

பணம் இன்னொரு எல்லை. 2009-ல் திருமங்கலத்தில் நடந்த இடைத்தேர்தலுக்குப் பிறகு, ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைக் குறிக்க ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்ற பெயரே புழக்கத்துக்கு வந்தது. பணப் பட்டுவாடாப் புகாரால் 2017-ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலும் ரத்தாயின. எந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்று தெரிந்த அதே பட்டியல்தான் கவர் கொடுக்கவும் பயன்படுகிறது. அப்படிப் பயன்படுத்தும் கட்சி தன் தொண்டரைப் பட்டுவாடா செய்பவராக மாற்றிவிடுகிறது. அடுத்த தேர்தலில் அவர் வெறும் கையோடு வந்தால் கதவு திறப்பதில்லை. தொண்டரும் கூலி இல்லாமல் கிளம்புவதில்லை.

தோற்ற பிறகு

அடிமட்ட அமைப்பின் முழு மதிப்பும் தோல்விக்குப் பிறகுதான் தெரிகிறது. தி.மு.க. 1976-ல் ஆட்சி கலைக்கப்பட்ட பின் 13 ஆண்டு பதவிக்கு வெளியே இருந்தது. 1991-ல் 2 இடம் மட்டும் பெற்றது. ஐந்தே ஆண்டில் ஆட்சிக்குத் திரும்பியது. 1996-ல் 4 இடத்துக்கு இறங்கிய அ.தி.மு.க. 2001-ல் மீண்டும் ஆட்சியைப் பிடித்தது. இரண்டு கட்சிக்கும் பதவி போன பிறகும் கொடிக்கம்பத்தைப் பராமரிக்க, தலைவர் பிறந்தநாளுக்கு இனிப்புக் கொடுக்க, பட்டியலைச் சரிபார்க்க ஊர்தோறும் ஆள் இருந்தது. கூட்டணிக் கணக்கும் ஆட்சி மீதான வெறுப்பும் மாறியபோது அதை ஓட்டாக மாற்றிக்கொள்ளும் கருவி கையில் தயாராக இருந்தது.

2005-ல் விஜயகாந்த் தொடங்கிய தே.மு.தி.க. எதிர்மாறான உதாரணம். ரசிகர் மன்றங்களின் பலத்தில் 2006-ல் தனித்து நின்று எட்டு விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்றது. 2011-ல் கூட்டணியில் 29 இடம் வென்று பிரதான எதிர்க்கட்சியானது. 2016-ல் ஓரிடமும் இல்லை. சரிவுக்குக் கூட்டணித் தேர்வும் தலைவரின் உடல்நலமும் காரணங்கள். ஆனால் தலைவரின் முகத்தை நம்பித் திரண்ட மன்றங்கள், அவர் மேடையேற முடியாத காலத்தில் தானாக இயங்கும் கிளைகளாக வளர்ந்திருக்கவில்லை. எம்.ஜி.ஆர். மன்றங்கள் அப்படி வளர்ந்திருந்தன. 1987-ல் அவர் மறைந்த பிறகும் கட்சி நின்றது.

புதிதாகத் தொடங்கும் கட்சிக்கும் பழைய கட்சிக்கும் இதில் கிடைக்கும் பாடம் ஒன்றே. சமூக ஊடகம் தலைவரின் பேச்சை ஒரு நொடியில் எல்லாக் கைப்பேசிக்கும் கொண்டுபோகும். பொதுக்கூட்டம் உற்சாகத்தைக் காட்டும். முகவர் இருக்கையில் ஆளை உட்கார வைக்கவும், விடுபட்ட பெயரைப் பட்டியலில் சேர்க்கவும், பிற்பகல் மூன்று மணிக்கு வராதவரின் வாசலில் போய் நிற்கவும் அவற்றால் முடியாது. அதற்குத் தெருவுக்கு ஒருவர் வேண்டும். அவரைத் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு தேடும் கட்சிக்குக் கூலி ஆள்தான் கிடைப்பார். ஐந்து ஆண்டும் மதித்து, அவர் சொல்வதைக் கேட்டு, தகுதியிருந்தால் மேலே ஏற்றிவிடும் கட்சிக்கே தொண்டர் கிடைப்பார்.